மூலமல்ல, வெடிப்பு

ஒட்டகம் என்று அவருக்குப் பெயர் வைத்தவர்கள் எவரும் அவருக்கு நல்லதை நினைத்தவர்கள் அல்லர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்தப் பெயரை அவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பதக்கம்போல நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தார். அது பதக்கம் அல்ல, முள் என்று தெரிய வந்தபோது அது நெஞ்சில் குத்தவில்லை. வெளியே சொல்ல முடியாத ஓர் இடத்தில் குத்திக்கொண்டிருந்தது.

அவர் துறைமுகத்தில் பெரிய கிரேன் ஓட்டுபவர். கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கிக் கரையில் நிற்கும் லாரிகளின் முதுகில் வைக்கிற கிரேன். பெட்டி என்றால் கைப்பெட்டி அல்ல. ஒரு குடும்பமே குடியிருக்கலாம், அத்தனை பெரிய இரும்புப் பெட்டி. கிரேனின் அறை பத்து மாடி உயரத்தில் தொங்குகிறது. அதற்குள் ஒரு நாற்காலி, இரு பக்கமும் கைப்பிடிகள், காலடியில் கண்ணாடித் தரை. மற்ற வண்டிக்காரர்கள் எதிரே பார்த்து ஓட்டுவார்கள்; கிரேன்காரர் தம் முழங்கால்களுக்கு நடுவே கீழே பார்த்து ஓட்ட வேண்டும். அப்படிக் குனிந்தே பொழுது முழுவதும் உட்கார்ந்தால் உடம்பின் பாரம் எல்லாம் எங்கே போய் இறங்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அறைக்கு ஏற, கிரேனின் காலுக்குள் ஒரு லிஃப்ட் உண்டு. உண்டு என்பது ஏட்டளவில். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதன் கதவில் ‘பழுது’ என்ற பலகை தொங்கியது. நடுவில் அந்தப் பலகையே துருப்பிடித்து விழுந்துவிட, நிர்வாகம் உடனடியாக நடவடிக்கை எடுத்துப் புதிய பலகை மாட்டியது. எனவே ஏணிதான். கழிப்பறையோ கிடங்குக்குப் பின்னால், மதிலோரம். ஏணியில் இறங்கி, நடந்து, போன காரியத்தை முடித்து, திரும்பி நடந்து, ஏறி உட்கார அரைமணிக்கு மேலாகும். அதுவரை கப்பல் நிற்கும். லாரிகள் வாசல்வரை வரிசை கட்டும். சூப்பர்வைசர் நிற்கமாட்டார், குதிப்பார்.

ஆகவே கிரேன்காரர்களிடம் ஒரு வழக்கம் வளர்ந்திருந்தது. அதற்குக் ‘காய்வது’ என்று பெயர். மறுநாள் வேலை என்றால் முந்தைய மாலையிலிருந்தே காய ஆரம்பிக்க வேண்டும். தண்ணீர் இல்லை. காலையில் அரை டம்ளர் தேநீர், அதுவும் நாக்கு ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக. மேலே உலர்ந்த ரொட்டி, அவித்த முட்டை, பிஸ்கட். பழம், கீரை பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது. அவை வயிற்றை எழுப்பிவிடும். தாகம் எடுத்தால் ஈரக் கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொள்ளலாம். சிறிய காரியத்துக்கு அறையின் மூலையில் ஒரு பாட்டில் இருக்கும். பெரிய காரியத்துக்கு யாரும் பாட்டில் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு மனவுறுதி ஒன்றே வழி.

இந்த மனவுறுதியில் அவரை வெல்ல ஆள் இல்லை. ஓர் ஆண்டுக் கூட்டத்தில் சூப்பர்வைசர் அவரை மேடைக்கு அழைத்துத் தோளில் கை போட்டார்.

“இவரைப் பாருங்க. ஒட்டகம்! ஏறினா ஏறினதுதான். ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது, ஒரு தடவை இறங்கினது கிடையாது. லிஃப்ட் லிஃப்ட்னு மூக்கால அழறவங்க இவரைப் பார்த்துக் கத்துக்கணும்.”

எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாளிலிருந்து லிஃப்டைப் பற்றிப் புகார் சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் ஒட்டகத்தைக் காட்டி வாயை அடைத்தார்கள். அந்தக் கைதட்டல் எதற்காக என்பது அவருக்கு அன்று விளங்கவில்லை. விளங்கியபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

முதல் கிழிசல் வீட்டுக் கழிப்பறையில் நிகழ்ந்தது. மூன்று நாள் அடக்கியது அன்று காலை வெளியே வந்தது. வந்தது என்பதைவிட, உடைந்த கண்ணாடி ஒன்று உள்ளிருந்து தன் வழியைத் தானே அறுத்துக்கொண்டு புறப்பட்டது என்பதே பொருந்தும். வெள்ளைப் பீங்கானில் சிவப்பாக ஒரு கோடு. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிந்தது என்று நினைத்தார், முடியவில்லை. கழித்த பிறகுதான் உண்மையான வலி தொடங்கியது. கதவிடுக்கில் விரல் மாட்டி, கதவை எவரோ மெல்ல மெல்ல அழுத்துவதுபோல அது நண்பகல்வரை நீடித்தது.

மறுநாள் அவர் செய்தது, வலி கண்ட மனிதர் எவரும் செய்வது: போகவில்லை. அதற்கும் மறுநாளும் போகவில்லை. அடக்குவதில்தான் அவர் பட்டம் பெற்றவராயிற்றே. அடக்கியது காய்ந்தது, காய்ந்தது கல்லானது, கல் வந்து பழைய இடத்திலேயே கிழித்தது. கிழிந்ததால் மறுபடி பயந்து அடக்கினார். செக்கு மாடுபோல இந்த வட்டத்தில் அவர் சுற்றத் தொடங்கினார்.

கிரேன் அறையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரப் பழகினார். சாய்ந்தவருக்குக் கண்ணாடித் தரையில் காட்சியும் சாயும். கீழே நின்று வாக்கி-டாக்கியில் வழி சொல்லும் ஆளுக்கு வாயாடி என்று பெயர். அவர் சும்மா இருப்பாரா?

“அண்ணே, பெட்டி கோணலா வருது. ஒட்டகத்துக்கு ஒரு பக்கமா கோணல்னு சும்மாவா சொன்னாங்க?”

வாக்கியின் அலைவரிசை எல்லாக் கிரேன்களுக்கும் பொது. அடுத்தடுத்த அறைகளிலிருந்து சிரிப்பு வந்தது. மூக்கில் அடிபட்டவர் மூக்கைத் தொட்டுக் காட்டலாம். இவர் எதைக் காட்டுவது?

வீட்டில் மனைவிக்குத் தெரியாமல் வைக்கக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் முனகினார். நாலு நாளில் பிடிபட்டார்.

“தண்ணித் தொட்டி காலி. உள்ள என்ன, குடித்தனமே நடத்துறீங்களா?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா உள்ளாடையில ரத்தம்? துவைக்கிறவளுக்குக் கண்ணு இல்லேன்னு நினைப்பா?” மனைவியே ஒரு முடிவுக்கு வந்தார். “மூலம்தான். தம்பிக்கிட்ட போங்க. அவன் கை பட்டா வேரோட போயிடும்.”

மனைவியின் தம்பி ஊரில் மூல டாக்டர் என்று அறியப்பட்டவர். டாக்டர் அல்லர். ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராகச் சில காலம் இருந்தவர். அதுவும் கண் டாக்டரிடம். ஆனால் கடை வாசலில் ‘மூலம், பவுத்திரம், ஆசனக் கடுப்பு: கத்தியின்றி, ரத்தமின்றி’ என்று பலகை வைத்திருந்தார். இடுப்புக்குக் கீழே, தொடைக்கு மேலே எது வலித்தாலும் அவருக்கு அது மூலம்தான். ஊருக்கும் அப்படியே. அந்த இடத்துக்கு ஒரே ஒரு நோய்தான் உண்டு என்று எல்லோரும் உடன்படிக்கை செய்துகொண்டதுபோல.

“வாங்க மாமா. எரியுதா, அரிக்குதா?”

“அறுக்குது.”

“ரத்தம்?”

“துளி.”

“மூலம்.”

“பார்க்க வேணாமா?”

“என் அனுபவத்துக்கு மூஞ்சியப் பார்த்தாலே போதும் மாமா.”

“வலி மூஞ்சியில இல்ல மச்சான்.”

“மாமாவுக்கு எப்பவும் தமாஷ்தான்” என்று சொல்லிக்கொண்டே அவர் ஒரு டப்பாவில் கறுப்புக் களிம்பை வழித்துப் போட்டார். “எரியும். எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம். எரியலேன்னாதான் கவலைப்படணும்.”

கவலைப்பட இடமே இருக்கவில்லை. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்கள். இந்த வேலைப் பழுக்கக் காய்ச்சிப் பாய்ச்சியிருந்தார்கள். தடவிய இடத்தைச் சுற்றித் தோல் கொப்பளித்தது. அவர் இரண்டு முறை போய் முறையிட்டார். இரண்டு முறையும் ‘வேர் அசையுது மாமா’ என்று டப்பாவை நிரப்பிக் கொடுத்தார் மைத்துனர். பாதிப் பழி அவருக்கு என்றால் மீதிப் பழி ஒட்டகத்துக்கும் உண்டு. எரிச்சலைத் தாங்குவதையும் அவர் ஒரு திறமையாக எடுத்துக்கொண்டார். நாக்கு வறளத் தாங்கியவர், வயிறு முட்டத் தாங்கியவர், இதையும் தாங்கிக் காட்டுவோம் என்று நினைத்தார். எவருக்குக் காட்ட?

ஒரு நாள் பெட்டியைக் கரைக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரு வெட்டு வெட்டியது. கை தன்னையறியாமல் கைப்பிடியை இழுத்துவிட்டது. பெட்டி ஊஞ்சல்போல ஆடிப் போய் லாரியின் முன்தலையை இடித்தது. ஓட்டுநர் கதவைத் திறந்து குதித்ததால் தப்பினார். தப்பியவர் அண்ணாந்து பார்த்து ஒட்டகத்தின் அம்மாவை, அப்பாவை, பாட்டனை ஒருவர் விடாமல் விசாரித்தார். ஒட்டகம் கண்ணாடித் தரை வழியே அந்தச் சிறிய மனிதர் கையை ஆட்டுவதைப் பார்த்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் கையிலிருந்து ஒரு பெட்டி இப்படிப் போனதில்லை. அவருக்கு வியர்த்தது. காய்ந்த உடம்பில் வியர்க்க அவ்வளவு ஈரம் மிச்சம் இருந்ததே வியப்பு.

அடுத்த விடுமுறை நாளில், வீட்டில் சொல்லாமல், மருத்துவமனைக்குப் போனார். அறுவை மருத்துவர் ஒரு பெண். அதைப் பார்த்ததும் வாசலிலேயே திரும்ப நினைத்தார்.

“உள்ள வாங்க. கதவைச் சாத்துங்க. எங்க வலி?”

“மூலம் டாக்டர்.”

“நோயோட பேரை நான் சொல்லிக்கிறேன். எங்க வலி, எப்ப வலி, அதை மட்டும் நீங்க சொல்லுங்க.”

சொன்னார். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களை மடக்கச் சொன்னார் டாக்டர். விரலை உள்ளே விடவில்லை. பக்கங்களை மெல்ல விலக்கிப் பார்த்தார். அதற்கே ஒட்டகம் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“இது மூலமே இல்ல. வெடிப்பு. பின்பக்கம் நடுவுல தோல் கிழிஞ்சிருக்கு. சுத்தி வெந்தும் போயிருக்கு. என்ன போட்டீங்க?”

“மச்சான் ஒரு களிம்பு கொடுத்தார்.”

“மச்சான் என்ன படிச்சிருக்கார்?”

“கண்ணு டாக்டர்கிட்ட இருந்தவர்.”

டாக்டர் கையுறையைக் கழற்றித் தொட்டியில் எறிந்த வேகத்தில் அவருடைய அபிப்பிராயம் தெரிந்தது. பிறகு உட்கார்ந்து, கோபம் குறையாமலே, விளக்கினார்.

“மூலம்னா ரத்தக் குழாய் வீங்கறது. அதுல ரத்தம் வரும், சாதாரணமா இப்படி அறுக்காது. இது, காய்ஞ்ச குதிகால் வெடிக்குது பாருங்க, அந்த மாதிரி. கல்லு மாதிரி மலம் வந்து கிழிச்சிருக்கு. கிழிஞ்ச உடனே வாயைச் சுத்தி இருக்கிற தசை இறுகிப் பிடிச்சுக்குது. அந்தப் பிடிப்புதான் மணிக்கணக்கா உங்களை வாட்டுது. தசை இறுகினா அங்க ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத இடத்துல எந்தப் புண்ணும் ஆறாது. நீங்க வலிக்குப் பயந்து அடக்குறீங்க. அடக்க அடக்கக் காயுது. சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?”

அவர் பழக்கதோஷத்தில் நிமிர்ந்து உட்கார முயன்றார். “வேலை நாள்னா, அரை டம்ளர்.”

“இதைச் சொல்லும்போது ஏன் இவ்வளவு பெருமை?”

அவரை அதுவரை எவரும் இந்தக் கேள்வி கேட்டதில்லை.

டாக்டர் மருந்துகளை வரிசையாகச் சொன்னார். மலத்தை இளக்கும் மருந்து. பழம், கீரை, தவிடு நீக்காத தானியம். தண்ணீர், சிறுநீர் தெளிவாகப் போகிற அளவுக்கு. ஒவ்வொரு முறை போய் வந்த பிறகும் வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் கால் மணி நேரம் இடுப்பு நனைய உட்கார வேண்டும். இறுகிய தசை அதில் இளகும். கழிப்பறையில் முக்கிக்கொண்டு உட்காரக்கூடாது. தசையைத் தளர்த்த ஒரு களிம்பு. “அதுல ஒரு வகை தலைவலி, கிறுகிறுப்பு கொடுக்கும். உயரத்துல வேலை பார்க்கிற உங்களுக்கு அது ஆகாது. வேற எழுதறேன். இதுலயும் தலை சுத்தினா ஏறாதீங்க, உடனே வந்து சொல்லுங்க. ரெண்டு மாசம் விடாம செய்யணும்.”

“ஆறலேன்னா?”

“தசையில ஊசி போடலாம். அதுக்கும் கேட்கலேன்னா சின்ன ஆபரேஷன், தசையைக் கொஞ்சம் வெட்டி விடுவோம். நல்லா குணமாகும். ஆனா சில பேருக்குக் காத்து அடங்காது, அபூர்வமா மலமே கசியும். அதனால அது கடைசி. இன்னொண்ணு, உங்க வயசுல ரத்தம் பார்த்தா மூலம்னோ வெடிப்புன்னோ நினைச்சு விட்டுடக்கூடாது. புண்ணு ஆறினதும் குடலுக்குள்ள ஒரு தடவை குழாய் விட்டுப் பார்த்துடலாம். முக்கியமானதைச் சொல்லல. வந்தா உடனே போகணும். அடக்கவே கூடாது.”

“நான் மேல இருப்பேனே டாக்டர். இறங்கினா கப்பல் நின்னுடும்.”

“ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாதுன்னு பழமொழி இருக்கு. பெரியவங்க வெக்கப்பட்டு அதோட நிறுத்திட்டாங்க. மிச்சத்தை நான் சொல்றேன். நின்னா நிக்கட்டும் உங்க கப்பல்.”

வீட்டில் அன்று மாலை சண்டை. கறுப்புக் களிம்பு டப்பாவை அவர் குப்பையில் போட்டதிலிருந்து அது ஆரம்பித்தது.

“அப்போ என் தம்பியைத் திருடன்னு சொல்றீங்க.”

“சொல்லல. திருடன் பொருளைத்தான் எடுப்பான்.”

மனைவி பேச்சை நிறுத்திக்கொண்டார். ஆனால் பிள்ளைகளைக் குளிப்பாட்டிய பழைய பிளாஸ்டிக் தொட்டியைத் தேடி எடுத்து, கழுவி, வெந்நீர் ஊற்றி, குளியலறையில் தொப்பென்று வைத்தார். முதல் நாள் வெந்நீரில் சூடு சற்று அதிகம். மறதியா பழியா என்று அவர் கேட்கவில்லை. குளிர்ந்த தண்ணீரைத் தாமே கலந்துகொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த சிறிது நேரத்தில், பல வாரமாகக் கெட்டியாகப் பிடித்திருந்த ஏதோ ஒன்று பிடியை விட்டது. தொட்டியின் விளிம்பைப் பற்றியபடி அவர் அழுதார். கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் வந்து, நின்று, போனது.

இனி மிச்சம் ஒன்றே ஒன்று: சூப்பர்வைசர். அவருடைய அறையில் குளிர்சாதனம் இருந்தது. அறைக்குள்ளேயே தனிக் கழிப்பறையும் இருந்தது. அதன் கதவு பாதி திறந்து, உள்ளே வெள்ளையாகப் பளபளத்தது. ஒட்டகம் நின்றுகொண்டே பேசினார். உட்காரச் சொல்லப்படவும் இல்லை, சொன்னாலும் உட்கார்ந்திருக்க மாட்டார்.

“லிஃப்டைச் சரி பண்ணணும் சார். இல்லேன்னா மாத்து ஆள் ஒருத்தர் வேணும். நடுவுல ரெண்டு தடவை நான் இறங்கணும்.”

“யாரு, நீங்களா? ஒட்டகமா பேசறது?”

“உடம்பு சரியில்ல சார்.”

“உடம்புல எங்க?”

சூப்பர்வைசர் அவர் நிற்கும் விதத்தைப் பார்த்தார்; ஒரு காலில் பாரத்தைப் போட்டு, மற்றதை லேசாகத் தூக்கி. பார்த்துப் புரிந்துகொண்டு சிரித்தார்.

“ஓ, அங்கயா! அதுக்குப் போய் லிஃப்டா கேக்கறீங்க? ஒரு தலையணை வெச்சுக்குங்க. லிஃப்டுக்கு உதிரிப்பாகம் வரல. வந்தா போடுவோம். முடியலேன்னா சொல்லுங்க, நண்டுக்கு மாத்திடறேன். கீழயே சுத்திட்டு இருக்கலாம், கழிப்பறை பக்கத்துலயே.”

நண்டு என்பது காலிப் பெட்டிகளைக் கிடங்கு முற்றத்தில் நகர்த்தி அடுக்கும் தாழ்ந்த வண்டி. பெரிய கிரேன் ஓட்டியவரை நண்டில் ஏற்றுவது, குதிரைக்காரரைக் கழுதை மேய்க்க அனுப்புவது. கிரேன் அறையை விட்டால் மானம் போகும். அறையிலேயே காய்ந்துகொண்டிருந்தால் புண் ஆறாது, ஒரு நாள் இன்னொரு பெட்டியும் ஆடும். இரண்டில் எதைக் கொடுப்பது என்று அவர் அன்று முழுவதும் யோசித்தார். முடிவு எடுத்தது அவர் மூளை அல்ல.

மறுநாள் காலையில் அவர் தண்ணீர் குடித்தார். மேலே ஏறியும் குடித்தார். முந்தைய இரவு மனைவி ஒரு சொல் பேசாமல் கீரையைத் தட்டில் கொட்டியிருந்தார், அதையும் தின்றிருந்தார். பாதிக் காலையில் வயிறு எழுந்தது. பெட்டியைப் பத்திரமாக லாரியில் வைத்துவிட்டுக் கைப்பிடிகளை விட்டார்.

“அடுத்தது ரெடிண்ணே” என்றார் வாயாடி. “இறக்கலாம்.”

“இறங்குறேன்.”

“பெட்டியா?”

“நான்.”

வாக்கியில் சூப்பர்வைசர் நடுவில் புகுந்தார். “எதுக்கு இறங்குறீங்க? காரணத்தைச் சொல்லிட்டு இறங்குங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

கேட்கட்டும் என்று அவர் சொன்னது, ஒட்டகம் சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கையில். இத்தனை காலமும் அந்த வெட்கம்தான் சூப்பர்வைசரின் சாட்டையாக இருந்தது. ஒட்டகம் வாக்கியை வாயருகே கொண்டுபோனார்.

“ஆசனவாய்ல வெடிச்சிருக்கு சார். மூலம் இல்ல, வெடிப்பு. இருபது வருஷமா உங்க கப்பலுக்காக அடக்கி அடக்கி வெடிச்சது. இப்ப வந்திருக்கு. போயிட்டு வர்றேன். கப்பல் நிக்கட்டும்.”

முதலில் சிரித்தது பக்கத்துக் கிரேன். அப்புறம் வாயாடி: “அண்ணே, பார்த்து இறங்குங்க. கீழ நான்தான் நிக்கிறேன்.” அலைவரிசை முழுவதும் வெடித்துச் சிரித்தது. அவர் ஏணியில் இறங்கி முடிக்கும்வரை சிரித்தார்கள். ஒருவர்கூட, அண்ணன் சொல்வது நியாயம்தானே என்று சொல்லவில்லை. சிரித்தவர்கள் அத்தனை பேரும் அந்த நேரத்தில் காய்ந்துகொண்டிருந்தவர்கள்.

அவர் கழிப்பறையிலிருந்து திரும்பியபோது அவருடைய ஏணியில் வேறொருவர் பாதித் தூரம் ஏறியிருந்தார். சூப்பர்வைசர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நண்டு அந்தப் பக்கம் நிக்குது.”

நண்டில் அவர் கழித்த நாட்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு: புண் ஆறியது. முதலில் நண்பகல்வரை நீடித்த வலி தேநீர் வேளையோடு நின்றது. பிறகு தொட்டியில் உட்கார்ந்து எழுவதோடு நின்றது. சிவப்புக் கோடு காணாமல் போனது. ஒரு நாள் கழிப்பறைக்குள் போய், காரியம் முடிந்ததையே கவனிக்காமல் வெளியே வந்துவிட்டார். வாசலில் நின்ற பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குடலில் குறை ஒன்றும் இல்லை என்றார்.

மற்றபடி எல்லாம் கசப்பு. எதிரே வந்தவர்கள் “எப்படி இருக்கு?” என்று கேட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் இடுப்பைப் பார்த்தார்கள். மைத்துனரோ, முன்னதாகவே தன் களிம்பு வேரை அசைத்து வைத்ததால்தான் ஆஸ்பத்திரி மருந்து பிடித்தது என்று கடைக்கு வருபவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதை மனைவியே வந்து சொன்னார். சொல்லிவிட்டு, “நீங்க ஒண்ணும் பேச வேணாம், நானே கேட்டுட்டேன் அவனை” என்றார். என்ன கேட்டார் என்பதை இருவரும் அவருக்குச் சொல்லவில்லை. மைத்துனர் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை.

பிறகு ஒரு பெரிய கப்பல் வந்தது. பெட்டிகளை நெருக்கி நெருக்கி அடுக்கிய கப்பல். விரல் நுழையும் இடைவெளிக்குள் கொக்கியை இறக்கத் தெரிந்தவர் வேண்டும். அவருக்குப் பதிலாக ஏறியவர் முதல் நாளே கப்பலின் கைப்பிடிக் கம்பியைப் பெயர்த்தார். மறுநாள் கப்பல்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். சூப்பர்வைசர் தாமே முற்றத்துக்கு நடந்து வந்து நண்டின் பக்கத்தில் நின்றார்.

“பழசையெல்லாம் மறந்துடுவோம். ஏறுங்க.”

ஒட்டகம் எஞ்சினை அணைக்கவில்லை. “லிஃப்ட்?”

“உதிரிப்பாகம் வரலேன்னு சொன்னேனே.”

“வரட்டும். எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல. பக்கத்துலயே கழிப்பறை.”

“ஒரு தடவை இறங்கிக்கோங்க. மாத்து ஆள் போடறேன். ஒரே தடவை.”

“அதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம் சார்? என் வயித்துக்கிட்ட சொல்லுங்க.”

சூப்பர்வைசர் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். அன்று பிற்பகலே லிஃப்ட் ஓடியது. இத்தனை ஆண்டுகளாக வராத உதிரிப்பாகம் கிடங்கின் அலமாரியில், உறை பிரிக்காமல், தூசு படிந்து இருந்ததாம், மெக்கானிக்கே சொன்னார். ஒருவரின் உடம்பு கிழிந்தபோது கண்ணில் படாத பொருள், கப்பலின் கம்பி பெயர்ந்ததும் கண்ணில் பட்டது. அவர் எவருக்கும் நன்றி சொல்லவில்லை. சொல்வதற்கு ஏதும் இருந்ததாகவும் தெரியவில்லை. லிஃப்ட் ஓடத் தொடங்கிய பிறகும் பக்கத்துக் கிரேன்காரர்கள் பலர் காய்வதை விடவில்லை. அவர்களிடம் ஒரு முறை சொல்லிப் பார்த்தார், சிரித்தார்கள். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. அவருடைய பொறுமையும் கொஞ்சம்தான்.

மறுநாள் காலை தண்ணீர்ப் பாட்டிலோடு கிரேன் அறைக்குப் போனார். நேராக, இரண்டு பக்கமும் சமமாக உட்கார்ந்தார். பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஆடாமல், லாரிகளின் முதுகில் அமர்ந்தன. வாயாடிக்கு அன்று வாய்க்கு வேலையே இல்லை. பாதிக் காலையில் அவர் கைப்பிடிகளை விட்டார். கப்பல் நின்றது.

லிஃப்ட் கதவு திறந்தபோது வெளியே சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். ஒட்டகம் அவரைத் தாண்டி, வேகமும் இல்லாமல் தாமதமும் இல்லாமல், கிடங்கின் பின்பக்கம் நடந்தார். திரும்பி வந்தபோதும் அந்த மனிதர் அதே இடத்தில் நின்றிருந்தார்.

“முடிஞ்சுதா?”

“இன்னிக்கு முடிஞ்சுது” என்றார், லிஃப்டுக்குள் காலை வைத்தபடி. “நாளைக்கும் வரும்.”